சல்லடமும் சமிக்கியும்: அழகர்கோவில் நேர்த்தி உடையின் வரலாறு

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவில், அழகர்மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள அழகர்கோவில், பரிபாடலில் இருங்குன்றம் என்றும் ஆழ்வார் பாசுரங்களில் திருமாலிருஞ்சோலை என்றும் போற்றப்பட்ட தொன்மையான வைணவத் தலமாகும். இம்மலையின் கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகைத்தளத்தில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டுகள், அங்குத் தங்கிய துறவியர்க்குக் கொடையளித்தோரின் தொழில்களைக் குறிப்பிடுகின்றன. உப்பு வணிகன், கொழு வணிகன், மதுரைப் பொற்கொல்லன் ஆகியோருடன் அறுவை வணிகன் ஒருவனும் அவற்றில் இடம்பெற்றுள்ளான். அறுவை என்பது ஆடையைக் குறிக்கும் பழஞ்சொல். சங்கப் புலவர்களுள்ளும் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என ஒருவர் உண்டு. ஆக, அழகர்மலைக்கும் மதுரையின் துணிக்கும் உள்ள உறவு, இன்றுள்ள கோயிற் கட்டடங்களைக் காட்டிலும் பல நூற்றாண்டுகள் மூத்ததாகும்.

கல்லும் செம்பும் காலத்தை வென்று நிற்பதால் கோயில்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. துணியோ வெயிலிலும் வியர்வையிலும் நைந்து, சில தலைமுறைகளுக்குள் சுவடின்றி மறைந்துவிடுகிறது. அதிலும், அரசரும் செல்வரும் அளித்த பட்டைப் பற்றியாவது கோயிற் கணக்குகளில் ஏதேனும் ஒரு குறிப்பு எஞ்சக்கூடும். உழவரும் ஆயரும் கூலித் தொழிலாளரும் தம் கைக்காசில் தைத்து உடுத்திய நேர்த்தி உடைக்கு, அதாவது வேண்டுதலை நிறைவேற்றும்போது அணியும் உடைக்கு, அத்தகைய ஆவணமும் இல்லை. ஆனால் சித்திரைத் திருவிழாவில் அழகர் மதுரைக்கு எழுந்தருளும் நாட்களில் கண்ணை நிறைப்பவை இந்த எளிய உடைகளே. மலிவான துணி, சரிகை நாடா, கண்ணாடிச் சில்லு, சமிக்கி ஆகியவற்றைக் கொண்டு உருவாகும் இவ்வுடையின் வரலாற்றைச் சொற்களிலும் சிலைகளிலும் வழக்கங்களிலும் தேடித்தான் தொகுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் சொற்களைக் காணலாம். துணி, அறுவை ஆகிய இரண்டு சொற்களும் வெட்டுதல், துண்டித்தல் என்னும் பொருளுடைய வேர்களிலிருந்து பிறந்தவை. தறியில் நெய்த நீண்ட பாவிலிருந்து அறுத்தெடுக்கப்பட்டது என்பதே அவற்றின் உட்பொருள். வெட்டியதை மீண்டும் இணைக்கும் தொழிலுக்குத் துன்னம் என்றும், அதைச் செய்வோருக்குத் துன்னகாரர் என்றும் பெயர் இருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. புகார் நகரின் தொழிலாளரை வரிசைப்படுத்தும் அந்நூல், கிழியாலும் கிடையாலும் பல பொருள்களைச் செய்வோரையும் அவ்வரிசையில் சேர்க்கிறது. கிழி என்பது துணித்துண்டு. கிடை என்பது நீர்நிலைகளில் தானே வளரும் நெட்டி என்னும் மென்மையான தண்டு. விலையற்றவை என்று ஒதுக்கத்தக்க இவ்விரண்டையும் கொண்டு அழகிய பொருள்களைப் படைத்தவர்களை ஒரு காப்பியம் நகரச் சிறப்பின் பகுதியாகப் பாடியிருப்பது, மலிவான பொருள்களால் அணி செய்யும் கலைக்குத் தமிழகத்தில் இருந்த மதிப்புக்குச் சான்றாகும். மதுரைக்காஞ்சியும் மதுரையின் தெருக்களில் அசைந்த பலவகைக் கொடிகளையும், கண்ணுள் வினைஞர் எனப்பட்ட ஓவியர்களையும் குறிப்பிடத் தவறவில்லை.

துணியின்மேல் வண்ணம் தீட்டும் கலை, விசயநகர, நாயக்கர் ஆட்சிக் காலங்களில் தமிழகக் கோயில்களில் பெருவளர்ச்சி பெற்றது. மூங்கில் எழுதுகோலால் துணியில் படம் எழுதும் இக்கலை இன்று கலம்காரி என அழைக்கப்படுகிறது. தஞ்சைப் பகுதியின் சிக்கல்நாயக்கன்பேட்டை, கருப்பூர் ஆகிய ஊர்களில் அது தலைமுறைகளாகத் தொடர்ந்து வந்துள்ளது. தேரிலும் மண்டபத்திலும் உருளை வடிவில் தொங்கும் தொம்பை, சுவாமிக்கு மேலே விதானமாகக் கட்டும் அஸ்மானகிரி, வாயிலில் தோரணமாக விரியும் வாசமாலை ஆகியவை இக்கலைஞர்கள் கோயில்களுக்குச் செய்தளித்த துணிகளாகும். அழகர்கோவில் வசந்த மண்டபத்தில் நாயக்கர் பாணியில் தீட்டப்பட்டுள்ள இராமாயணச் சுவரோவியங்களைக் காண்போர், கதையைக் கட்டங்கட்டமாக அடுக்கிச் சொல்லும் அம்முறையிலும், மாந்தரின் ஆடைகளில் நிறைந்துள்ள பூவேலைப்பாட்டிலும், அக்காலத் துணி ஓவியங்களின் நெருங்கிய உறவை உணரலாம்.

கண்கவரும் அத்துணிகளுக்கு வேண்டிய மூலப்பொருள்கள் பெரும்பாலும் வீட்டிலும் காட்டிலும் கடற்கரை மணலிலும் கிடைத்தவையே என்பது கவனத்திற்குரியது. காடாத் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்புச் சத்து சாயத்தைப் பற்றிக்கொள்ள உதவ, பாலின் கொழுப்பு எழுதிய கோடு துணியில் பரவாமல் காக்கும். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாட்கள் ஊறவைத்தால் கிடைக்கும் கரைசல், கடுக்காய் ஏறிய துணியில் பட்டவுடன் கறுப்பாக மாறும்; கோடுகள் எழுத அதுவே மை. சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தீட்டி, சாயவேர் இட்ட நீரில் துணியைக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். அவுரி நீலத்தில் முக்கும்போது நீலம் ஏறக்கூடாத பகுதிகளை மெழுகால் மூடிவிடுவர். மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, அதற்குச் சற்று மேலே நூலையோ கம்பளித் துண்டையோ சுற்றிக் கட்டினால் எழுதுகோல் ஆயிற்று. விரல்களால் அச்சுற்றை மெல்ல அழுத்த, உறிஞ்சிய மை நுனிக்கு இறங்கும். அரிதாக இருந்தது கைத்திறன் ஒன்றே.

இப்பின்னணியில்தான் அழகர் திருவிழாவின் உடைகளை நோக்க வேண்டும். வைகைக் கரையில் தேனூரில் நடைபெற்றுவந்த அழகரின் ஆற்றுத் திருவிழாவை மதுரை நகருக்கு மாற்றி, மீனாட்சியம்மன் திருவிழாவோடு இணைத்தவர் திருமலை நாயக்கர் (ஆட்சிக் காலம் 1623-1659) என்பது மரபு. சைவ, வைணவத் திருவிழாக்கள் ஒரே காலத்தில் அமைந்ததால், சுற்றுப்புறச் சிற்றூர்களின் மக்கள் அனைவரும் மதுரையில் கூடும் நிலை உருவானது. அதன் சமூக அடித்தளத்தை விரிவாக ஆராய்ந்து, தொ. பரமசிவன் எழுதிய 'அழகர் கோயில்' என்னும் நூலை 1989ஆம் ஆண்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கோயிலை நாட்டார் வழக்காறுகளோடும், அதனைச் சார்ந்து வாழும் பல்வேறு சமூகங்களோடும் இணைத்துக் காணும் அந்நூல், அடியார்கள் மேற்கொள்ளும் வேடங்களையும் ஆய்வுக்குரிய சான்றுகளாக மதித்தது.

மலையிலிருந்து புறப்படும் பெருமாள் சுந்தரராசர் என்னும் அரச கோலத்தில் வருவதில்லை. கண்டாங்கிப் பட்டு உடுத்தி, கையில் நேரிக்கம்பு ஏந்தி, கள்ளழகராகப் பல்லக்கில் ஏறி, பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமியின் கோயில் முன் நின்று விடைபெற்றே அவர் மதுரைக்கு வருகிறார். கண்டாங்கி என்பது கட்டங்களும் கோடுகளும் கொண்ட, நாட்டுப்புற மக்கள் உழைப்பின்போதும் உடுத்திய சேலைவகையின் பெயர். தல்லாகுளத்தில் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை ஏற்று, தங்கக் குதிரையில் வைகையில் இறங்கும்போது அவர் உடுத்தும் பட்டின் நிறமோ, பெட்டியில் உள்ள பல நிறப் பட்டுகளிலிருந்து கைக்கு வருவதை எடுக்கும் முறையில் அமைகிறது. பச்சை வந்தால் நாடு செழிக்கும் என்றும், சிவப்பு வந்தால் அமைதி குலையும் என்றும், மஞ்சள் வந்தால் மங்கலம் பெருகும் என்றும் மக்கள் கருதுகின்றனர். ஓர் ஆண்டின் மழையையும் விளைச்சலையும் ஒரு துணியின் நிறத்தில் படித்தறியும் சமூகம், தன் உடையின் நிறத்தையும் ஒளியையும் பொருளற்றதாகக் கருதியிருக்க இயலாது.

இறைவன் இவ்வாறு குடிமக்களின் உடையை ஏற்க, குடிமக்களோ அரச அவையின் உடையை ஏற்கின்றனர். நேர்த்திக்கடன் செலுத்தும் அடியார்களுள் இரு வகையினர் தனித்துத் தெரிவர். துணியை முறுக்கிச் செய்த பெரிய பந்தத்தை ஏந்தி ஆடுவோர் திரி எடுப்போர் ஆவர். தோப்பரை எனப்படும் ஆட்டுத்தோல் பையில் நீரை நிரப்பி, குறுகிய வாய்வழியே பீய்ச்சி, சித்திரை வெயிலில் வந்த அழகரைக் குளிர்விப்போர் மற்றொரு வகையினர். இவ்வழக்கம் துருத்தி நீர் தெளித்தல் எனவும் வழங்கும். இவர்களது உடையில் சல்லடம், கச்சை, உருமால், குல்லாய் ஆகியவை இடம்பெறும். சல்லடம் என்பது குறுங்காற்சட்டை. கச்சை என்பது இடுப்பை இறுகச் சுற்றும் பட்டை. உருமால் என்பது தலையில் கட்டும் துணி. குல்லாய் என்பது தைத்த தொப்பி. காவல் தெய்வமான கருப்பண்ணசாமியின் வேடத்திலும் இவ்வுறுப்புகளைக் காணலாம்.

இப்பெயர்களுள் உருமாலும் குல்லாயும் பாரசீக மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. சமிக்கி என்பது மின்னுவதைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லின் தமிழ் வடிவம். உடுத்தும் ஆடையே பெருவழக்காக இருந்த தமிழகத்தில், தைத்த ஆடைகள் அரசவைகளிலும் படைகளிலும் பெருகிய காலத்தின் சுவடுகள் இச்சொற்களில் தங்கியுள்ளன. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில், அவரும் அவர் முன்னோருமாகப் பத்து நாயக்க மன்னர்களின் சிலைகள் தூண்களில் உள்ளன. அவர்களின் தலையை மூடிய குல்லாயும், இடையில் இறுகிய கச்சையும், ஆடை முழுதும் கல்லில் செதுக்கப்பட்ட பூவேலைப்பாடும், திருவிழாவில் திரி ஏந்தி ஆடும் அடியாரின் தோற்றத்தோடு ஒப்பிடத்தக்கவை. மன்னர்க்கு உரிய அணியை ஆண்டுக்கு ஒருமுறை உழவர் தம் உடலில் ஏற்கும் இந்த மாற்றமே நேர்த்தி உடையின் உட்கருத்து எனலாம்.

மன்னர் சிலைகள் நின்ற அதே தூண்களின் இடையில்தான் பல தலைமுறைகளாகத் தையற்காரர்கள் இயந்திரங்களோடு அமர்ந்து இவ்வுடைகளைத் தைத்துவந்தனர் என்பது இவ்வரலாற்றின் சிறப்பான பகுதியாகும். வளையல், பாத்திரம், பழைய நூல்கள் ஆகியவற்றின் கடைகளோடு கலந்திருந்த இத்தையற்கடைகளில், சித்திரை நெருங்க நெருங்க வேலை பெருகும். அழகருக்கு நேர்ந்துகொண்ட அடியாரின் உடையைத் தைத்தவர்களுள் இசுலாமியத் தையற்காரர்களும் அடங்குவர்; பெருமாளின் திருவிழா அணி அவர்கள் கைவழியே உருவாகி வந்தது மதுரையின் பொதுவாழ்வில் இயல்பாக நிலைபெற்ற செய்தியாகும்.

வேலையின் முறை எளிதானது. ஆனால் பொறுமையை வேண்டுவது. சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு நிறங்களில் வெல்வெட்டையோ பளபளப்பான சாட்டினையோ அளவுக்கு வெட்டி, ஓரங்களில் சரிகை நாடாவை இயந்திரத்தால் ஓட்டித் தைப்பர். வேறு நிறத் துணியில் பூ, இலை, பிறை போன்ற வடிவங்களை வெட்டி அடித்துணியின்மேல் வைத்துத் தைப்பது ஒட்டுத்தையல் ஆகும். தேர்ச்சீலைகளுக்கும் கோயிற் குடைகளுக்கும் உரிய இம்முறையில், வெட்டி மிஞ்சிய துண்டும் வீணாவதில்லை. சமிக்கி என்பது நடுவில் துளையுடைய மெல்லிய மின்னும் வில்லை. ஊசியை அடியிலிருந்து அத்துளைவழியே மேலே இழுத்து, ஒரு சிறு பாசிமணியைக் கோத்து, மீண்டும் அதே துளைவழியே கீழே இறக்கினால், மணி தடையாக நின்று வில்லையைத் துணியோடு பிணைக்கும். நூல் கண்ணுக்குத் தெரியாது. வில்லையோ ஓரளவு அசையும். அந்த அசைவுதான் ஒளியைச் சிதறவைக்கிறது. கண்ணாடிச் சில்லுக்குத் துளை இல்லாததால், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக நூலோட்டிச் சட்டமிட்டு, அச்சட்டத்தைச் சுற்றிலும் வட்டமாகத் தைத்து இறுக்குவர்.

இப்பொருள்கள் மலிவானதற்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. வெள்ளிக் கம்பியை மெலிதாக இழுத்துத் தட்டையாக்கி, பொன்முலாம் பூசி, நூலின்மேல் சுற்றியதே உண்மைச் சரிகை. அது செல்வர்க்கும் தெய்வத்துக்கும் மட்டுமே எட்டியது. செம்புக் கம்பியில் முலாம் பூசிய போலிச் சரிகை இயந்திர உற்பத்தியோடு பெருகியபோதுதான், ஜிகினா என்று மக்கள் அழைக்கும் மின்னும் இழையும் தகடும் எளியவர் கைக்கு வந்தன. உலோகப் பூச்சுடைய பாலியஸ்டர் இழை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனையும் மலிவாக்கியது. மின்னும் வில்லைகளை ஆடையில் தைப்பது உலகின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. 1922இல் கண்டறியப்பட்ட எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறையில் பொன் வில்லைகள் தைத்த ஆடைகள் கிடைத்தன. 1930களில் ஜெலட்டின் வில்லைகள் வந்தன. எடை குறைந்த அவை நீர் பட்டாலும் வெப்பம் பட்டாலும் உருகின. 1950களுக்குப் பின் பாலியஸ்டர் வில்லைகள் அக்குறையை நீக்கின. தோப்பரை நீரில் நனைந்தும் பந்தத்தின் அருகில் ஆடியும் பயன்படும் உடைக்கு இம்மாற்றம் எவ்வளவு முதன்மையானது என்பதை எளிதில் உணரலாம்.

ஒளிக்காகப் பிற பொருள்களும் பயன்பட்டன. குஜராத்தின் கபட்வஞ்சில் கண்ணாடியைக் குமிழாக ஊதி, உட்புறத்தில் இரசம் பூசி, உடைத்தெடுத்த மெல்லிய சில்லுகள் இந்தியத் துணிவேலைக்குப் புகழ்பெற்றவை. காக்காப்பொன் என்று தமிழில் வழங்கும் அப்பிரகமும், பொன்வண்டின் பச்சை இறக்கையும் துணியை அணிசெய்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற மஸ்லின்களில் பொன்வண்டு இறக்கைகள் தைக்கப்பட்டிருந்தன. தமிழகத்தில் சிறுவர் தீப்பெட்டிக்குள் வளர்த்து மகிழ்ந்த ஒரு வண்டின் இறக்கை, ஐரோப்பியச் சீமாட்டியரின் நடன ஆடையில் மரகதமாக ஒளிர்ந்தது என்பது, பொருளின் விலைக்கும் அதன் அழகுக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதைத் தெளிவாக்குகிறது.

நிறத்தின் வரலாறும் இதே போக்கில் சென்றது. நாயக்கர் காலத்தில் மதுரையில் செழித்த சௌராட்டிரச் சமூகத்தினர் வளர்த்த சுங்குடிச் சேலையில், துணியைச் சிறுசிறு புள்ளிகளாகக் கிள்ளி நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் முக்குவர். கட்டவிழ்த்தால் சாயம் ஏறாத இடங்கள் வெண்புள்ளிகளாக மலரும். ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான முடிச்சுகள் இருக்கும். இதற்கு வேண்டியவை பருத்தித் துணி, நூல், சாயம், தேர்ந்த விரல்கள் ஆகியவையே. 1856இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் கண்டறிந்த செயற்கை ஊதாச் சாயமும், 1868இல் செருமானிய வேதியியலார் உருவாக்கிய செயற்கை அலிசரின் சிவப்பும், 1897இல் சந்தைக்கு வந்த செயற்கை அவுரியும், சாயவேரையும் அவுரியையும் பயிரிட்டோரின் வாழ்வைக் குலைத்தன. அதே நேரத்தில், அடர்ந்த நிறங்களை எளியவரும் உடுத்தும் நிலையை உண்டாக்கின. மெழுகு தோய்த்த மரஅச்சுகளால் புள்ளியும் பூவும் பதிக்கும் முறை, சுங்குடியின் விலையை மேலும் குறைத்தது. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

நேர்த்தி உடையின் மினுமினுப்பைப் பகட்டு என்றும் பட்டின் போலி என்றும் கருதும் பார்வை படித்தோரிடையே உண்டு. அது தவறான பார்வை. இவ்வுடை இரவில் பந்த ஒளியில் காணப்படுவதற்காகப் பிறந்தது. திரியின் தீ ஒன்றுதான். ஆனால் ஆடுபவரின் மார்பிலும் குல்லாயிலும் உள்ள நூற்றுக்கணக்கான வில்லைகள் ஒவ்வொன்றும் அத்தீயை ஏற்று எதிரொளிக்க, அவரே ஒரு பெருவிளக்காகிறார். பல இலட்சம் மக்கள் திரளும் ஆற்றங்கரையில் தொலைவிலிருந்தும் அடியாரை அடையாளம் காட்டுவது அந்த அடர்நிறமே. மென்மையான வண்ணமும் நுண்ணிய நெசவும் அங்குப் புழுதியிலும் இருளிலும் மறைந்துவிடும். ஆகவே, சமிக்கியும் ஜிகினாவும் வறுமையால் நேர்ந்த குறைபாடுகள் அல்ல. காலம், இடம், ஒளி ஆகியவற்றை அறிந்து தேர்ந்த கருவிகள்.

பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னமான புதுமண்டபத்தைச் சீரமைக்கும் பொருட்டு அங்கிருந்த கடைகள் அண்மையில் குன்னத்தூர் சத்திரத்திற்கு மாற்றப்பட்டன. சிற்பங்கள் வெளிச்சம் பெற்றது நன்மையே. எனினும், சிலைகளின் ஆடையும் அடியாரின் ஆடையும் ஒரே கூரையின்கீழ் எதிரெதிர் நின்ற நிலை அதனோடு முடிவுற்றது. சூரத்திலிருந்து வரும் ஆயத்த நாடாக்களும், இயந்திரத்தில் பூவேலை செய்த துணிகளும் கைவேலையின் இடத்தைச் சுருக்கி வருகின்றன. மாற்றம் இவ்வுடைக்குப் புதிதன்று. கடுக்காய் மையிலிருந்து பாலியஸ்டர் வில்லை வரை, கைக்கு எட்டிய பொருளை ஏற்றுக்கொண்டே அது வாழ்ந்துள்ளது. ஆனால் பழையது எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாமல் மாறுவது இழப்பாகும்.

சுவாமியின் பட்டு கோயிற் பெட்டியில் காக்கப்படுகிறது. மன்னரின் பூத்துகில் கல்லில் நிலைத்துவிட்டது. குடிமக்களின் சல்லடத்துக்கும் குல்லாய்க்கும் அத்தகைய இடம் தேவை. திருவிழா முடிந்தபின் வீட்டுப் பெட்டிகளில் மடித்து வைக்கப்பட்டுள்ள பழைய நேர்த்தி உடைகளைத் தேடித் தொகுத்து, தைத்தவரின் பெயர், துணியின் வகை, தையலின் முறை, உடுத்திய ஆண்டு ஆகியவற்றோடு அருங்காட்சியகத்தில் வைப்பது மதுரையின் பல்கலைக்கழகங்களும் ஆய்வாளர்களும் உடனே மேற்கொள்ள வேண்டிய பணியாகும். அறுவை வணிகன் ஒருவனின் பெயரை அழகர்மலைப் பாறை 2000 ஆண்டுகள் காத்துத் தந்திருக்கிறது; அழகருக்காகத் துணி தைத்தவர்களின் பெயர்களை எழுதி வைப்பது இன்று வாழ்வோரின் கடமை.